தட்டு அக்காவும் நீல விதையும்

தட்டு அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் மேல் கொஞ்சம், என் மேல் அதைவிட அதிகம். பதினான்கு வருடம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். மக்காச்சோள ஆராய்ச்சி நிலையத்தின் பின்கட்டில் இருக்கும் முளைப்பு அறை அது. ஜன்னல் கிடையாது, எந்நேரமும் குழல்விளக்கு எரியும். அவள் முளைத்ததை எண்ணுவாள், நான் எழுதுவேன். காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பதால் எனக்குப் 'பென்சில்' என்று பெயர் வைத்தது அவள்தான். அவளுக்குத் 'தட்டு அக்கா' என்று யார் வைத்தார்களோ தெரியாது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அந்தப் பெயர் நிலையம் முழுக்கப் பரவியிருந்தது. பதிவேட்டில் உள்ள பெயரைச் சொல்லிக் கேட்டால் வாயில்காவலர்கூட அப்படி யாரும் இங்கே இல்லை என்பார்.

தட்டு என்றால் சாப்பாட்டுத் தட்டு அல்ல. முழங்கை நீளமும் நான்கு விரல் ஆழமும் உள்ள பிளாஸ்டிக் தட்டு. சலித்து, கழுவி, சூடேற்றி, ஆறவைத்த மணலை அதில் பரப்ப வேண்டும். வரிசைக்குப் பத்தாக ஐம்பது விதைகளை ஊன்றி, மேலே மணல் மூடி, அளந்த தண்ணீரை ஊற்றி, தராசில் வைத்து எடையைக் குறிக்க வேண்டும். மறுநாள் காலை அதே தட்டைத் திரும்ப எடை போட்டால் எவ்வளவு தண்ணீர் ஆவியாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். குறைந்ததை மட்டும் ஊற்றலாம், ஒரு சொட்டு கூடக்கூடாது. நாலாம் நாள் ஓர் எண்ணிக்கை, ஏழாம் நாள் ஓர் எண்ணிக்கை. ஏழாம் நாள் நாற்றுகளைப் பிடுங்கி வேரையும் தண்டையும் பார்த்து நல்லது, ஊனமானது, செத்தது என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். சொல்லக் கேட்டால் சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனால் பொறுமை இல்லாதவர்கள் மூன்றே மாதத்தில் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு ஓடிவிடுவார்கள்.

அக்கா இருபத்திரண்டு வயதில் மணல் சலிக்கத் தினக்கூலியாக வந்தவள். அதற்கு முந்தைய வருடம்தான் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். வீட்டில் மிச்சம் இருந்தது ஒன்பது வயதுத் தம்பி ஒருவன். அவனை வளர்த்து ஆளாக்கி, அப்பா விட்டுப்போன நிலத்தை அவன் கையில் ஒப்படைத்து, கல்யாணமும் செய்துவைத்து நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு.

"எனக்கும் ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தான் பென்சிலு. ஏழாம் நாள் பிடுங்கிப் பார்த்தேன், வேரு சரியில்ல" என்று சொல்லிச் சிரிப்பாள். அதில் எது உண்மை, எது விளையாட்டு என்று நான் கேட்டதில்லை.

தம்பியின் நிலம் பஸ்ஸில் மூன்று மணி நேரத் தூரம். ஒவ்வொரு வருடமும் விதைப்புக்கு முன்னால் அவன் தவறாமல் வருவான். முளைப்பு அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் ஒரு மர பெஞ்ச் உண்டு. அதில் உட்கார்ந்து, கொண்டுவந்த பையைக் காலடியில் வைத்துவிட்டு, முதல் வேலையாகக் கேட்பான்.

"அக்கா, இந்த வருஷம் எதைப் போடட்டும்?"

நிலையத்தில் அக்காவின் வேலை கடைசிப் படி. அவளிடம் ஆபீசர்கள் தட்டைத் தூக்கச் சொல்வார்கள், மேசையைத் துடைக்கச் சொல்வார்கள். எது நல்ல விதை என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்கிற ஒரே ஆள் தம்பிதான். அவளும் மண் எப்படி இருக்கிறது, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிறதா உதிர்கிறதா, காலையில் தொட்டால் சில்லென்று இருக்கிறதா என்று டாக்டர் நோயாளியை விசாரிப்பதுபோல் துருவித் துருவிக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். ஒரு வருடம் மண் சொதசொதவென்று இருந்தபோது, விதை நேர்த்தி செய்யாமல், அதாவது மருந்து பூசாமல், ஒரு விதைகூட உள்ளே போகக்கூடாது என்று அடித்துச் சொன்னாள். சுற்றுவட்டாரம் முழுக்க விதை மண்ணுக்குள்ளேயே அழுகியது. அவன் வயல் மட்டும் வரிசை தப்பாமல் எழுந்து நின்றது. அன்றிலிருந்து அவனுக்கு அக்கா வைத்ததுதான் சட்டம். அவளுக்கும் அந்த ஒரு நாள் வந்து போவதில்தான் வருடமே நிறைந்தது.

நான் சொல்ல வந்த வருடத்தில் எங்கள் பிரிவுக்குப் புதிய பூச்சு ஒன்று சோதனைக்கு வந்தது. பிரிவுத் தலைவியை நாங்கள் 'மேடம்' என்போம். கத்த மாட்டார், ஆனால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாரென்றால் எதிரே நிற்பவனுக்கு வியர்த்துவிடும். அவர் மூன்று வகை விதைகளை எடுத்து வைத்தார். எதுவும் பூசாத வெறும் விதை. பூசணம் பிடிக்காமலிருக்க மருந்து பூசிய சிவப்பு விதை. அதே மருந்தோடு, மண்ணில் இருக்கிற கொஞ்சநஞ்ச ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும் பசையைச் சேர்த்துப் பூசிய நீல விதை. மூன்றையும் நனைந்த மணலில், அளவான மணலில், வறண்ட மணலில் முளைக்க வைக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நான்கு தட்டு.

நனைந்த தட்டுகளில் சந்தேகத்துக்கே இடமில்லை. வெறும் விதை பாதிக்கு மேல் பஞ்சு மாதிரி பூசணம் படர்ந்து நாறியது, சிவப்பும் நீலமும் எழுந்தன. அளவான தட்டுகளில் மூன்றுமே நன்றாக வந்தன. வம்பெல்லாம் வறண்ட தட்டுகளில்தான். அவற்றுக்கு முதல் நாள் கொஞ்சம் தண்ணீர் காட்டுவதோடு சரி. பிறகு ஏழு நாளும் எடை மட்டும்தான் போட வேண்டும். அக்காவுக்கு வறண்ட தட்டு என்றாலே ஆகாது.

"முளைக்கப் போட்டுட்டு, தண்ணி குடுக்காம எடை பாத்துக்கிட்டே இருக்கணுமாம். இது சோதனையா, தண்டனையா?" என்று ஒவ்வொரு காலையும் முணுமுணுப்பாள்.

நாலாம் நாள் நீல விதைத் தட்டுகளில் மணல் லேசாக வெடித்து, வெடிப்புக்குள் வெளிர்பச்சை நுனி தெரிந்தது. மற்ற இரண்டு வகையிலும் மணல் போட்டது போட்டபடி கிடந்தது. அக்கா எடையைச் சொன்னாள், நான் எழுதினேன். தட்டைத் தராசிலிருந்து இறக்கி வைத்தவள், பக்கத்திலிருந்த குவளையில் விரல்களை நனைத்து, அந்த வெடிப்புகளின்மேல் உதறினாள்.

"அக்கா, அது வறண்ட தட்டு."

"தெரியும்டா. நாலு சொட்டு. பாவம், தலையை நீட்டிக்கிட்டு நிக்குது. தராசுக்கே தெரியாது போ."

தராசுக்குத் தெரியவில்லைதான். எடை போட்ட பிறகு தெளிப்பாள், மறுநாள் காலைக்குள் அது காய்ந்துவிடும். ஐந்தாம் நாளும் தெளித்தாள், ஆறாம் நாளும் தெளித்தாள். வெறும் விதைத் தட்டிலும் சிவப்பு விதைத் தட்டிலும் கண்ணுக்கு எதுவும் தெரியாததால் அங்கே அவள் கை போகவில்லை. நீலத்துக்குச் சலுகை காட்ட வேண்டும் என்று அவள் நினைக்கவே இல்லை. எட்டிப் பார்த்ததற்குக் கொடுத்தாள், அவ்வளவுதான். என் நோட்டில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஏதாவது வழக்கத்துக்கு மாறாக நடந்தால் அதில் எழுத வேண்டும் என்பது விதி. நான் சிரித்துவிட்டு அதைக் காலியாக விட்டேன்.

ஏழாம் நாள் வறண்ட மணலில் வெறும் விதை ஐம்பதுக்கு மூன்று, சிவப்பு நான்கு, நீலம் நாற்பத்தொன்று. மேடம் இரண்டு முறை எண்ணச் சொன்னார். அன்று அவர் தன் கையால் எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்ததை நான் மறக்கவில்லை. அறிக்கை எழுத ஆரம்பித்த கையோடு, சொந்த வயலில் போட்டுப் பார்க்க ஒரு விவசாயி வேண்டும் என்றார். அக்கா உடனே தம்பியைச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. மூட்டையோட குடுத்தனுப்புங்க. ஆனா ஒண்ணு, கால் பங்கு நிலத்துல மட்டும் போடச் சொல்லுங்க" என்றார் மேடம்.

அந்த வாரமே தம்பி வந்தான். பெஞ்சில் உட்கார்ந்து, நீல விதையைக் கையில் அள்ளிப் பார்த்தான்.

"கால் பங்குதானாக்கா? இந்த வருஷம் வானத்தை நம்ப முடியல. ஒரு தூறல் விழுந்ததோட சரி. பருவமும் போய்க்கிட்டிருக்கு. நீ என்ன சொல்ற?"

"என் கண்ணால பாத்தேன்டா. காஞ்ச மணல்ல அம்பதுக்கு நாப்பத்தொண்ணு. எல்லாத்துலயும் போடு."

"அப்ப சரி."

நான் கதவருகில் நின்றிருந்தேன். அவள் முகத்தில் பொய் இல்லை. அந்த நாலு சொட்டு அவளுக்கு ஞாபகத்திலேயே இல்லை. காலையில் பல் தேய்த்தது ஞாபகம் இருக்குமா, அந்த மாதிரி. எனக்கு ஞாபகம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது. டீ ஆறுகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். இதைத்தான் முதலிலேயே கோபம் என்று சொன்னேன்.

தூறல் ஈரத்தை நம்பி அவன் நிலம் முழுவதும் விதைத்தான். எட்டாம் நாள் ஃபோன் வந்தது. "அக்கா, அங்கங்க மண்ணு வெடிச்சிருக்கு!" அக்கா நிலையம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள், தோட்டக்காரரைக்கூட விடவில்லை. பதினோராம் நாள், "அப்படியே நிக்குதுக்கா, மேல வரல" என்றான். பிறகு ஃபோன் இல்லை. பதினைந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள். தம்பி மனைவி எடுத்தாள்.

"அவரு வயல்ல இருக்காரு அண்ணி. காலையிலிருந்து அங்கயேதான் இருக்காரு."

மறுநாள் மேடம் எங்களை வயலுக்கு அனுப்பினார். சதுரமாக ஒரு கம்பிச் சட்டம், இரண்டு கரண்டி, நோட்டு. சட்டத்தைத் தரையில் வைத்து அதற்குள் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். சட்டத்துக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. நிலம் வெறுமையாகக் கிடந்தது, பக்கத்து வயலும் அப்படித்தான் கிடந்தது. பக்கத்து வயல்காரர் அதே நாளில் வெறும் விதை போட்டவர். அவர் நிலத்தில் அக்கா ஒரு கரண்டி மண்ணைக் கிளறினாள். விதை போட்ட மாதிரியே கல்லாக, முழுசாக இருந்தது. தம்பி நிலத்தில் கிளறினாள். நீல விதை வாயைத் திறந்து, நகநீளம் வேர் விட்டு, அந்த வேர் நூலாகக் காய்ந்து போயிருந்தது. முளை மண்ணின் மேல்தோலுக்குக் கீழேயே மஞ்சளாக மடங்கிக் கிடந்தது. அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை என்று அக்கா நாற்பது இடத்தில் கிளறினாள். நான் போதும் என்றேன், அவள் கேட்கவில்லை.

தம்பி கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"மழை வந்தா எழுந்துடுமாக்கா?"

அக்கா மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். நிமிரவில்லை.

"பக்கத்து வயல்ல எழும்டா. அது இன்னும் முழிக்கவே இல்ல, மழைக்குக் காத்திருக்கும். இது பாதி ஈரத்துலயே முழிச்சுக்கிச்சு. முழிச்சதுக்கு அப்புறம் தண்ணி கிடைக்கல. இனிமே எழாது."

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா தன் வலதுகை விரல்களைப் பார்த்துக்கொண்டே, "நாலு சொட்டு, பென்சிலு" என்றாள்.

"அதனால எல்லாம் இப்படி ஆகியிருக்காதுக்கா."

"அதனாலதான்டா. அன்னைக்கு நான் கை வெக்காம இருந்திருந்தா, வயல்ல செத்த மாதிரியே தட்டுலயும் செத்திருக்கும். நீயும் செத்ததுன்னு எழுதியிருப்ப. அவனும் கால் பங்கோட நிறுத்தியிருப்பான்."

நான் சொன்னதை மறைக்கப்போவதில்லை. காதும் காதும் வைத்த மாதிரி விட்டுவிடலாம், உனக்கு ஓய்வுபெற மூன்று வருடம்தான் இருக்கிறது, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அறிக்கை அடுத்த வாரம் அச்சுக்குப் போகுது. அதைப் படிச்சுட்டு எத்தனை பேரு போடுவாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலை மேடத்தின் மேசைக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எந்தெந்த நாள், எந்தெந்தத் தட்டு என்று ஒன்று விடாமல். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது மேடம்" என்றேன்.

அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "அவனுக்குத் தெரியாது மேடம். அவன் நோட்டைப் பார்த்துக்கிட்டிருந்தான்" என்றாள். எனக்கு அப்போது அழுகை வந்திருந்தால் கொஞ்சம் மரியாதையாக இருந்திருக்கும். வரவில்லை. தப்பித்தோம் என்றுதான் இருந்தது. அழுகையெல்லாம் ரொம்பப் பிந்தி வந்தது.

அறிக்கையை மேடம் நிறுத்தினார். அக்காவை விதை மூட்டை கட்டும் கொட்டகைக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். அக்கா ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். அந்தச் சோதனையைத் தன் கையாலேயே இன்னொரு தரம் செய்துவிட்டுப் போகிறேன் என்றாள். மேடம் சரி என்றார். தினமும் காலையில் தானே வந்து பக்கத்தில் நின்றார்.

அதே மணல், அதே தட்டு, அதே எடை. நாலாம் நாள் நீல விதைத் தட்டுகளில் மணல் வெடித்தது. அக்கா எடையைச் சொல்லிவிட்டுத் தட்டை இறக்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றாள். ஆறாம் நாள் நுனிகள் பழுத்துச் சாயத் தொடங்கின. ஏழாம் நாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னாள். செத்தது. செத்தது. செத்தது. ஐம்பதில் நல்லது இரண்டுதான் தேறியது. வெறும் விதையில் முளைக்காமல் கிடந்தவற்றை மேடம் எடுத்து ஈர மணலில் போட்டுப் பார்க்கச் சொன்னார். அவை அடுத்த வாரம் ஒன்று விடாமல் எழுந்தன. பக்கத்து வயல்காரரின் நிலமும் அதற்குள் மழை கண்டு பச்சையாகிவிட்டதாகத் தம்பி மனைவி சொல்லியிருந்தாள்.

மேடம் அக்காவைக் கொட்டகைக்கு அனுப்பவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை.

தம்பியிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள், நானும் கூடப் போனேன். திரும்ப விதைக்கப் பருவம் கடந்துவிட்டது. அவன் டவுனில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போவதற்காகத் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் பள்ளிக்கூடம் போகும் மகளும் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா சொன்னாள். இந்த முறை நான் வாயைத் திறந்தேன். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எழுதவில்லை என்றேன். அவன் என்னைப் பொருட்படுத்தவே இல்லை. மடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவையே பார்த்தான்.

"நீ சொன்னதாலதான்க்கா எல்லாத்துலயும் போட்டேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் கால் பங்கோட நிறுத்தியிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு எங்களைச் சாப்பிட வைத்து, பஸ் நிறுத்தம் வரை வந்து, அக்காவுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்து, பஸ் கிளம்பும் வரை நின்றான்.

"ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாம் பென்சிலு. 'என் குடியைக் கெடுத்துட்டியே'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்று அக்கா வழியெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதாள். அத்தனை வருடத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த வருடம் விதைப்புக் காலம் வந்தது. தாழ்வாரத்தில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் அக்கா எட்டிப் பார்ப்பாள். வழக்கமாக வருகிற வாரம் போயிற்று, அடுத்த வாரமும் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை காலை அவன் வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். மகளின் பள்ளிக்கூடம், மனைவியின் முழங்கால் வலி, கிடங்கு மேற்பார்வையாளர் மூட்டைக்கு மூட்டை ஒரு கொட்டாவி விடுவது என்று கதை கதையாகச் சொன்னான். இருவரும் சிரித்தார்கள். ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அக்கா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அறைக்குள்ளிருந்த எனக்கே தெரிந்தது. அவன் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தான்.

அவளே கேட்டாள். "ஏண்டா, இந்த வருஷம் எதைப் போடப்போற?"

அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "போட்டாச்சுக்கா. போன வாரமே போட்டாச்சு. விதைக்கடைக்காரரு ஒண்ணு குடுத்தாரு" என்றான்.

"மண்ணு எப்படி இருந்துச்சு? பிடிச்சா உருண்டை நின்னுச்சா?"

"பரவாயில்லக்கா."

"மருந்து பூசினதுதானே?"

"அவரு பார்த்துதான் குடுத்திருப்பாரு." கொஞ்சம் தயங்கி, "நீ உடம்பைப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் கெட்டவன் இல்லை. அன்பு ஒரு துளி குறையவில்லை. கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டான்.

அக்கா உள்ளே வந்து கை கழுவினாள். நாலாம் நாள் எண்ண வேண்டிய தட்டுகள் மேசைமேல் காத்திருந்தன. முதல் தட்டை இழுத்து வைத்து, எப்போதும்போல் வரிசை வரிசையாக விரல் வைத்து எண்ணி, "நாப்பத்தாறு" என்றாள். நான் எழுதினேன். அடுத்த தட்டை எடுக்காமல் நின்றாள்.

"பென்சிலு, நீ ஒரு தரம் எண்ணிப் பாரு."

அத்தனை வருடத்தில் அவள் அப்படிக் கேட்டதே இல்லை. நான் எழுந்துபோய் எண்ணினேன். நாற்பத்தாறுதான் இருந்தது.